உச்சி மரத்துக்கு மிஞ்சிய பழம்

பொந்தின் விரிசல் வழியாக ஓர் அலகு நீண்டு காத்திருந்தது. அதில் வைப்பதற்கு வேம்பனின் கூடையில் ஒரு பழம்கூட இல்லை.

வேம்பன் ஒரு கருங்குரங்கு. கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். வாடிய அத்தி இலை ஒன்று விழுந்தது. அவ்வளவுதான்.

“நாளைக்குக் கண்டிப்பா கொண்டு வரேன் அக்கா,” என்றான்.

“நேத்தும் இதையேதான் தம்பி சொன்னே,” என்றது உள்ளே இருந்த குரல்.

வேம்பன் வாலைச் சொறிந்துகொண்டு நின்றான்.

உள்ளே இருந்தவள் பூவாள் என்ற இருவாச்சிப் பறவை. முட்டையிடும் காலம் வந்தால் இருவாச்சிப் பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை மண் குழைத்து அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் மட்டும் விடுவாள். உள்ளே இருக்கும்போது இறகெல்லாம் உதிர்ந்துவிடும். அது மறுபடி முளைக்கும்வரை பறக்க முடியாது. புருஷன்தான் பழம் கொண்டுவந்து விரிசல் வழியாக ஊட்ட வேண்டும். பூவாளின் புருஷன் காட்டுத்தீ பிடித்த அன்று பழம் தேடிப் போனவன், திரும்பவில்லை. மலைச்சரிவு முழுவதும் கரியாகிவிட்டது. உச்சியில் இருந்த இந்த மரம் மட்டும் எப்படியோ தப்பியது. பொந்துக்குள் அவளும் ஒரு குஞ்சும் இருந்தார்கள். சுவரை உடைத்து வெளியே வந்தால் கீழே விழத்தான் செய்வாள். குஞ்சை விட்டுவிட்டு வரவும் மாட்டாள்.

வேம்பன் இந்தக் காட்டுக்காரன் இல்லை. ஆறு தாண்டி, மலை தாண்டி, அயல்காட்டிலிருந்து வந்தவன். எரிந்த சரிவில் குடும்பங்கள் பட்டினி கிடக்கின்றன, கீழே பள்ளத்தாக்கில் பழம் அழுகிக் கொட்டுகிறது, சுமந்து கொடுக்க ஆள் வேண்டும் என்று ஒரு மைனா வந்து சொன்னபோது முதலில் கிளம்பியவன் அவன்தான். நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பியதும் கிளையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்ல ஒரு கதை கிடைக்கும் என்ற நினைப்பும் அந்த மனசின் ஒரு மூலையில் இருந்தது.

பள்ளத்தாக்கில் பழத்துக்குக் குறைவில்லை. யானைகள் தின்றது போக மிச்சமெல்லாம் மிதிபட்டு நாறிக்கொண்டிருந்தது. ஒச்சாயி என்ற கரடி யானைகளிடம் பேசி, மிதிபடுவதற்கு முன்னால் பொறுக்கிக்கொள்ளச் சம்மதம் வாங்கியிருந்தாள். பொறுக்குவதற்கும் சுமப்பதற்கும் ஒரு கூட்டம் சேர்த்திருந்தாள். வேம்பனைவிட ஒரு கோடைதான் மூத்தவள். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

அதுவரை உச்சி மரத்துக்குத் தானே சுமந்துகொண்டிருந்தவள், வேம்பன் வந்த அன்றே அந்த வழியை அவனிடம் ஒப்படைத்துச் சொன்னாள்: “முதல்ல உச்சி மரத்துக்குப் போ. அங்கருந்து குடுத்துக்கிட்டே கீழ இறங்கு. ஏறும்போது யாரு கூப்பிட்டாலும் நிக்காதே.”

ஏன் அப்படி என்று கேட்டான்.

“கீழ இருக்கிறவங்களுக்குக் காலு இருக்கு,” என்றாள். மேற்கொண்டு விளக்க அவளுக்கு நேரமில்லை.

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் உச்சிக்குப் போகும் வழி அடிவாரத்தைத் தாண்டித்தான் போனது. அங்கே பன்றிகளும் முயல்களும் மயில்களும் காத்திருந்தன. அவையும் பசித்தவைதான். ஆனால் பள்ளத்தாக்கின் ஓரம்வரை நடந்துபோய்க் கிழங்கு தோண்டித் தின்னத் தெம்பு உள்ளவை.

கூடையைப் பார்த்ததும் சடையன் என்ற பன்றி முன்னால் ஓடிவந்தான். “அயல்காட்டு அய்யா வந்துட்டாரு, எல்லாரும் வழிவிடுங்க,” என்று கத்தினான்.

வேம்பனை அவன் காட்டில் யாரும் அய்யா என்று கூப்பிட்டதில்லை. டேய் என்றுதான் கூப்பிடுவார்கள். அய்யா என்ற சொல் காதில் விழுந்ததும் கால் நின்றுவிட்டது. சடையனுக்குக் கொஞ்சம் கொடுத்தான். சடையனின் மாமியாருக்குக் கொஞ்சம். முயல்குட்டிகள் முதுகில் ஏறி விளையாடின, அவற்றுக்கும் கொஞ்சம். ஒரு மயில் அவனுக்காகவே தோகை விரித்து ஆடியது. அதற்குக் கொடுக்காமல் எப்படிப் போவது? கூடை பெரியது, மேலேயும் மிஞ்சும் என்று நினைத்தான். மிஞ்சவில்லை. முந்தின நாளும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்.

பூவாளிடம் சமாதானம் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். பள்ளத்தாக்கில், சுமந்து திரும்பியவர்கள் நடுவே ஒச்சாயி நின்றுகொண்டிருந்தாள். அவள் காலடியில் நிறைந்த கூடை ஒன்று இருந்தது.

“ஒரு கூடை மிச்சம் கிடக்கு. யாரையாவது விட்டுட்டு வந்திருந்தா இப்பவே சொல்லுங்க, ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்,” என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, “உச்சி மரத்துக்குக் குடுத்தியா?” என்று கேட்டாள்.

“குடுத்தாச்சு,” என்றான் வேம்பன்.

சுத்தப் பொய். வெளிச்சம் இன்னும் இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கூடை மேலே போயிருக்கும். சொல்ல வெட்கம். நாளைக்கு இரண்டு மடங்காகக் கொடுத்துவிட்டால் பொய் உண்மையாகிவிடும் என்று தனக்குத்தானே கணக்குப் போட்டுக்கொண்டான். கூடை அங்கேயே கிடந்தது.

மறுநாள் விடிந்ததும் பழுத்த அத்தியாகப் பார்த்துப் பொறுக்கினான். இன்றைக்கு எங்கேயும் நிற்பதில்லை என்று உறுதியாகத்தான் கிளம்பினான்.

அடிவாரத்தில் மாலையோடு நின்றார்கள். காட்டுக்கொடியில் பூச்செருகி முயல்கள் கட்டிய மாலை. அதை அவன் கழுத்தில் போட்டுவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போக வேண்டும் என்று சடையன் பிடிவாதம் பிடித்தான். அவசரமாகப் போக வேண்டும் என்று வேம்பன் சொல்லத்தான் செய்தான். சொல்லிக்கொண்டே பாறைமேல் ஏறினான்.

பசியைப் பற்றிப் பேசினான். பசி எவ்வளவு கொடியது, ஒருவருக்கொருவர் எப்படி உதவ வேண்டும் என்றெல்லாம் பேசினான். அவன் பேசப் பேச, பின்னால் வைத்திருந்த கூடைக்குள் மூக்கும் அலகுமாக நுழைந்துகொண்டிருந்தன. அவன் அதைப் பார்த்தான். உதவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே கூடையைப் பிடுங்கினால் அசிங்கமாக இருக்குமே என்று பேச்சைத் தொடர்ந்தான்.

ஒரு முயல்குட்டிதான் கேட்டது: “உச்சி மரத்து அத்தைக்கு இல்லியா மாமா?”

“எல்லாருக்கும் உண்டு கண்ணு,” என்றான். கூட்டம் ஆரவாரம் செய்தது.

உச்சிக்கு வந்து சேர்ந்தபோது அவன் கையில் இருந்தது ஒரு பிடி அத்தி. விரிசலில் அலகு இல்லை.

“அக்கா,” என்று கூப்பிட்டான். இன்னொரு தடவை கூப்பிட்டான். ஒரு பழத்தை விரிசல் வழியாக உள்ளே போட்டான். அது எதன்மேலோ விழுந்து உருண்டது. யாரும் எடுக்கவில்லை. சுவரில் காதை வைத்துக் கேட்டான். எங்கேயோ அடியில், கேட்டும் கேட்காத மாதிரி, ஒரு சின்ன முனகல்.

சுவரை நகத்தால் பிறாண்டினான். கல்லாக இறுகியிருந்தது. மாலையோடு கீழே ஓடினான். அடிவாரத்தில் யாரோ அய்யா என்று கூப்பிட்டார்கள். இப்போது நிற்கவில்லை.

ஒச்சாயி வந்தாள். ஒரே அடியில் சுவர் பெயர்ந்தது. பூவாள் தலை சாய்ந்து, இறகு உதிர்ந்த சிறகுகளை விரித்துக் குஞ்சை மூடியபடி செத்துக் கிடந்தாள். அவன் போட்ட பழம் அவள் முதுகுக்குப் பின்னால் கிடந்தது. குஞ்சுக்கு உயிர் இருந்தது. அதன் அலகில் காய்ந்த அத்தித்தோல் ஒட்டியிருந்தது. தாயின் அலகில் எதுவும் இல்லை.

ஒச்சாயி ஒரு பழத்தை மென்று குஞ்சின் வாயில் வைத்தாள். அது விழுங்கும்வரை பொறுத்திருந்தாள். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தாள்.

“நேத்து குடுத்தியா, இல்லியா?”

“இல்ல.”

“முந்தாநாள்?”

வேம்பன் இல்லையென்று தலையை ஆட்டினான்.

அவள் அவன் கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தாள். “அந்த மிச்சக் கூடை அங்கேயேதான் கிடக்கு. எறும்பு மொய்ச்சுப் போச்சு,” என்றாள். குஞ்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சரிவில் இறங்கிப் போனாள்.

வேம்பன் உடைந்த பொந்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஊருக்குப் போனால் என்ன கதை சொல்வது என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை.

உதவப் போகிறவன், தன்னை வாழ்த்தத் தெம்புள்ளவர்களைத் தாண்டி, கூப்பிடக்கூடத் தெம்பில்லாதவரிடம்தான் முதலில் போய்ச் சேர வேண்டும். அதைச் சொல்லித்தான் வேம்பனை அனுப்பினார்கள், அவன் போகவில்லை.