பாறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

ஒரு காட்டின் நடுவே பெரிய குளம் இருந்தது. அதைச் சுற்றி நாவல் மரங்களும் அத்தி மரங்களும் அடர்ந்து நின்றன. அங்கே மயில்களும் மான்களும் வாழ்ந்தன. குளத்துக்கு மேலே இருந்ததெல்லாம் வெறும் பாறை. அங்கே முள்ளம்பன்றிகளும் முயல்களும் உடும்புகளும் வாழ்ந்தன.

குளத்துப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பாறைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். வேடன் வைக்கும் கண்ணியை எப்படிக் கண்டுகொள்வது, எந்தக் காய் விஷம், காட்டுத்தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்றெல்லாம் குட்டிகள் அங்கேதான் கற்றுக்கொண்டன.

காட்டை ஆண்டது ஒரு கரடி. குடியிருக்கும் இடம் எவ்வளவு செழிப்பானதோ அதற்குத் தகுந்தபடி எல்லோரும் பழத்தை வரியாகக் கட்ட வேண்டும் என்பது அதன் சட்டம். அந்தந்தப் பக்கத்து வரி அந்தந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு. யார் எவ்வளவு கட்டுகிறார்களோ, அதே அளவு பழத்தைக் காட்டின் பொதுக் களஞ்சியத்திலிருந்து கரடியும் கொடுக்கும்.

மயில்கள் கூடை கூடையாகக் கட்டின. கரடியும் கூடை கூடையாகக் கொடுத்தது. பாறைப் பொந்துக்காரர்கள் ஒரு கைப்பிடி இலந்தைப் பழம் கட்டினார்கள். கரடியும் ஒரு கைப்பிடி கொடுத்தது!

அதை வைத்துக்கொண்டு ஒரு வாத்தியார் எப்படி வாழ்வார்? பாறைப் பக்கத்தில் பாடம் சொன்ன கீரி வாத்தியார் ஒருநாள் காலையில் மூட்டையைக் கட்டிக்கொண்டு குளத்துப் பக்கம் போய்விட்டார்.

சில நாட்களில் ஒரு முயல்குட்டி கண்ணியில் மாட்டியது. அது கண்ணி என்றே அதற்குத் தெரியவில்லை. உடும்பு வந்து கயிற்றைக் கடித்து அறுத்தது. குட்டி பிழைத்தது. ஆனால் அன்றிலிருந்து நொண்டியது.

அங்கே ஒரு முள்ளம்பன்றிக்கும் இரண்டு குட்டிகள் இருந்தன. நாளைக்கு அவற்றில் ஒன்று மாட்டினால்? முள்ளம்பன்றி நேராகக் கரடியின் சபைக்குப் போனது.

"கரடியாரே! களஞ்சியத்துல இருக்கிறது காட்டோட பொதுப் பழம்தானே? எல்லாத்தையும் ஒண்ணாச் சேருங்க. குட்டிகளை எண்ணிப் பங்கு போடுங்க!"

மயில் தோகையைச் சிலுப்பிச் சிரித்தது. "எங்க மரத்துப் பழத்தை உங்க பொந்துக்குக் கொண்டுவந்து கொட்டணுமா? நல்ல பள்ளிக்கூடம் வேணும்னா நல்ல மரமாப் பார்த்துக் குடியேறணும், அக்கா!"

"இந்த முள்ளோட நான் மரம் ஏறவா? நீ வேணும்னா என் பொந்துல வந்து இரு தம்பி. உன் தோகைக்கு இடம் போதுமான்னு பார்ப்போம்!"

மான்கள் களுக்கென்று சிரித்தன. கரடி உறுமியது.

"போதும்! அவரவர் பக்கத்தில் கிடைப்பது அவரவர் பக்கத்துக்கே. அதுதான் சட்டம்!"

"இன்னொரு தடவை சொல்லுங்க. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலையாம்."

கரடி பெருமையோடு இன்னும் உரக்கச் சொன்னது.

"நல்லாக் கேட்டுக்கிட்டோம்," என்று சொல்லிவிட்டு முள்ளம்பன்றி திரும்பி நடந்தது.

குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மயில்கள் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. குனிந்தால் அதில் தங்கள் தோகை தெரியும். அவற்றுக்கு அது போதும். பாறை மேல் பெய்யும் மழைதான் ஓர் இடுக்கு வழியாக இறங்கிக் குளத்தை நிரப்பியது.

ஐப்பசி பிறப்பதற்குள் பாறைப் பக்கத்தார் எல்லோரும் கூடி அந்த இடுக்கில் கல்லை உருட்டினார்கள். சந்துகளில் களிமண்ணை அப்பினார்கள். மழை கொட்டியது. தண்ணீர் திரும்பி, பாறையின் பெரிய பள்ளத்தில் தேங்கியது.

மழைக்காலம் முடிந்தும் குளம் கால்வாசிகூட நிறையவில்லை. மான்களின் கால்கள் சேற்றில் புதைந்தன. கரடியும் மயிலும் மான்களும் மூச்சிரைக்கப் பாறை ஏறின.

"எங்க தண்ணியை அடைச்சுட்டீங்களே!" என்று மயில் அகவியது.

"உங்க தண்ணியா?" என்றது முள்ளம்பன்றி. "மழை பெஞ்சது எங்க பாறையில. அவரவர் பக்கத்துல கிடைக்கிறது அவரவர் பக்கத்துக்குத்தானே? ரெண்டு தடவை சொன்னாரே கரடியார்!"

"மழை எல்லாருக்கும் பொது!"

"குட்டிகளும் அப்படித்தான்!"

"கல்லை எடு!" என்று கரடி பாய்ந்தது. முள்ளம்பன்றிகள் கல்லுக்கு முன்னால் வரிசையாக நின்று முட்களைச் சிலிர்த்தன. நடுங்கிக்கொண்டே முயல்களும் அவற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. கரடி நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொண்டது.

ஒரு தாய் மான் கேட்டது. "எங்க பிள்ளைங்க தாகத்துக்கு என்ன பண்ணும்?"

"குடிக்க யார் வேணும்னாலும் வாங்க," என்றது முள்ளம்பன்றி. " தாகத்தோட வர்ற வாயை நாங்க தடுக்க மாட்டோம். ஆனா குளம் நிறையாது."

தாய் மான் கரடியின் பக்கம் திரும்பியது. "இவங்க நமக்குத் தண்ணி தர்றாங்க. இவங்க பிள்ளைக்கு ஒரு வாத்தியாரை நாம தரலையே! இந்தச் சட்டம் எனக்கு வேண்டாம்."

"எங்களுக்கும் வேண்டாம்!" என்றன மற்ற மான்கள்.

கரடி தலையைச் சொறிந்தது. "சரி! இனி எல்லா வரியும் பொதுக் களஞ்சியத்துக்கே வரட்டும். குட்டிகளை எண்ணிப் பங்கு போடுறேன். இப்ப கல்லை எடு!"

"உங்க வாய்ச்சொல்லுக்கு எங்க கல்லு நகராது. முதல்ல வாத்தியார் வரட்டும்!"

மறுநாள் கீரி வாத்தியார் பாறை ஏறி வந்தார். பின்னால் மான்கள் பழக்கூடைகளைச் சுமந்து வந்தன.

"வாங்க வாத்தியாரே! குளத்துக் காத்து ஒத்துக்கலையா?" என்றது உடும்பு.

கீரி தலையைக் குனிந்துகொண்டு, கண்ணியைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினார். நொண்டிய முயல்குட்டி முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டது. பாடம் முடிந்த பிறகுதான் முள்ளம்பன்றி இடுக்கிலிருந்து ஒரு கல்லை உருவியது. தண்ணீர் மெல்லக் குளத்தை நோக்கி இறங்கியது.

"மற்ற கல்லெல்லாம்?" என்றது கரடி.

"ஒவ்வொரு பங்கும் ஒழுங்கா வரட்டும். ஒவ்வொண்ணா எடுக்குறோம்!"

பிறந்த இடத்தைப் பார்த்துப் பிள்ளைகளின் படிப்பை அளந்து கொடுப்பது அநியாயம். அநியாயமான சட்டம் கெஞ்சினால் மாறாது, ஒன்றாக எதிர்த்து நின்றால்தான் மாறும்.