சோடா கம்பெனியில் விஷம் புகுந்த விதம்

சோணமுத்துவும் அவன் மச்சினன்மார் இருளப்பன், கொண்டல்சாமி இருவரும் கொம்புத்தூரில் சோடா கம்பெனி நடத்தினார்கள். மூவரில் சோணமுத்துதான் அறிவாளி. ஒன்பதாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன்.

லைசென்ஸைப் புதுப்பிக்க வந்த ஆபீசரம்மா ஒரு தாளில் CO₂ + H₂O → H₂CO₃ என்று எழுதிக் கொடுத்தார்.

"சோடா உண்டாகுற சமன்பாடு இது. வெள்ளிக்கிழமைக்குள்ள போர்டுல எழுதி வாசல்ல வைக்கணும். எண்களை மட்டும் கீழே, சின்னதாப் போடுங்க. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இல்லேன்னா லைசென்ஸ் கிடையாது."

சோணமுத்து ஒரு போர்டை எடுத்து வந்தான். ஒருவழியாக எழுத்துகளை மட்டும் பெயிண்டில் எழுதி முடித்தான்.

"எண்ணு கீழேன்னாங்களே மச்சான், எவ்வளவு கீழே?" என்றான் இருளப்பன்.

"தரையைவிடக் கீழே எதுடா இருக்கு?"

"கிணறு இருக்கு," என்றான் கொண்டல்சாமி.

ஆபீசரம்மா கிணற்றுக்குள் இறங்கிப் பார்ப்பது சிரமம் என்று தரையே முடிவாயிற்று. எண்களைச் சாக்பீஸால் எறும்பு அளவில் வாசல் தரையில் எழுதினார்கள்.

போர்டை மாட்டினால் இடப்பக்கம் சாய்ந்தது. சமன் செய்ய வலப்பக்கம் ஒரு சோடா பாட்டிலைக் கட்டினார்கள். வலப்பக்கம் சாய்ந்தது. இடப்பக்கம் ஒன்று கட்டினார்கள். பதினோராவது பாட்டிலில் ஆணி பிடுங்கிக்கொண்டு போர்டு இருளப்பன் காலில் விழுந்தது. அதன்பிறகு மச்சினன்மார் ஆளுக்கொரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஆபீசரம்மா வந்தார். போர்டைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்தவர்களையும் பார்த்தார்.

"எண்ணெல்லாம் எங்கே?"

"கீழே மேடம்," என்று பெருமையாகக் குனிந்த சோணமுத்துவுக்கு அப்போதுதான், காலையில் வாசலைப் பெருக்கியது நினைவுக்கு வந்தது. "குப்பைத்தொட்டியில இருக்கும் மேடம், இதோ எடுத்தாறேன்."

"யோவ், ரெண்டு இல்லாம வெறும் CO-ன்னு இருந்தா அது விஷவாயு!"

மச்சினன்மார் போர்டைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். ஆபீசரம்மா தலையில் அடித்துக்கொண்டார். போர்டைச் சுவரில் சாய்த்து வைத்து, தாமே சாக்பீஸால் எண்களைப் போட்டார். "இப்ப சரியாப் போச்சு," என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். சோணமுத்துவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் நல்ல மழை. மழை விட்டதும் சோணமுத்து போர்டைப் பார்த்தான். அலறிக்கொண்டே கம்பெனியைப் பூட்டினான். துண்டால் மூக்கைப் பொத்தியபடி ஆபீசரம்மாவுக்குப் போன் போட்டான்.

"மேடம், ரெண்டு கரைஞ்சு போச்சு! விஷம் வந்துடுச்சு! ஜனங்களையெல்லாம் பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டி விட்டுட்டோம். நீங்க உடனே கிளம்பி வாங்க. வர்றப்ப, நனையாத ரெண்டாப் பாத்து ஒண்ணு கொண்டாங்க!"