ஓட்டினால் கெட்டுப்போகும் வண்டி

கோணக்கரட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இருக்கிறது, எடுத்துச் செலவழிப்பதில்தான் ஊர் முழுக்கச் சிக்கனம். அந்த ஊர்ச் செங்கோடனுக்கு இது நன்றாகவே தெரியும். "நானும் மக்குத்தான். கூட இருக்கற மூணு பேரையும் பாத்தாத்தான் கொஞ்சம் தைரியம் வருது" என்பான்.

மலைக்கு அந்தப் பக்கத்துப் பாவாயி மேல் அவனுக்கு உயிர். அவள் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"பாதி வழி தார் ரோடு, பாதி வழி காடு. ரெண்டுக்கும் ஆகற வண்டியோட வெள்ளிக்கிழமைக்குள்ள வாங்க மாப்ள. வரலீன்னா வேற எடம் பாத்துக்கறேன்."

பங்காளிகள் சடையப்பன், பொன்னுரங்கம், குப்பண்ணன் மூவரையும் கூட்டிக்கொண்டு செங்கோடன் டவுனுக்குப் போனான். கடைக்காரர் உயரமான பைக் ஒன்றைக் காட்டினார்.

"உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும். படலீன்னா இது வேண்டாங்க" என்றார் அவர்.

செங்கோடன் ஏறி உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கியது. பங்காளிகள் கூடிப் பேசி, கடை வாசலிலேயே பள்ளம் தோண்டி வண்டியை அதற்குள் இறக்கினார்கள். இப்போது கால் கச்சிதமாகப் பட்டது. வண்டியை மேலே ஏற்றத்தான் மத்தியானம் ஆகிவிட்டது.

கடைக்காரர் கும்பிடாத குறையாகச் சாவியைக் கொடுத்தார். ஆனாலும் மனசாட்சி உள்ளவர்.

"எல்லாத்துக்கும் ஆகற வண்டின்னு ஒண்ணு கெடையாதுங்க. மொட்டு மொட்டா இருக்கற இந்தப் பட்டன் டயரு காட்டுல நல்லாப் புடிக்கும், தார் ரோட்டுல தேஞ்சு போயிரும். கண்ணாடியும் இண்டிகேட்டரும் இல்லீன்னா ரோட்டுல போலீஸ் புடிக்கும். காட்டுல விழுந்தா மொதல்ல ஒடையறதும் அதுதான். ஒண்ணு வேணும்னா ஒண்ணை விட்டுத்தான் ஆகணும்."

நால்வரும் ரோட்டோரம் உட்கார்ந்து எதை விடுவது என்று யோசித்தார்கள்.

"டயரை விட்ரலாமா?" என்றான் சடையப்பன்.

"டயரில்லாத வண்டியக் காட்டுனா பொண்ணு குடுப்பாங்களா?" என்றான் குப்பண்ணன்.

"அப்பக் கண்ணாடிய?" என்றான் பொன்னுரங்கம்.

"போலீஸ் புடிச்சு வெச்சா வெள்ளிக்கிழமை போயிருமே" என்ற செங்கோடன் தலையைச் சொறிந்தான். "ஓட்டறதை விட்டுட்டா என்ன?"

இவனுக்கு இவ்வளவு அறிவா என்று மூவரும் அவன் முதுகில் தட்டினார்கள். உடனே ஆளுக்கொரு பக்கமாக வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வழியில் போலீஸ்காரர் ஒருவர் நிறுத்தினார். நம்பர், கண்ணாடி, விளக்கு எல்லாம் சரியாக இருந்தன.

"அப்பறம் ஏன்யா தூக்கிட்டுப் போறீங்க?"

"ஓட்டுனாக் கெட்டுப் போயிருங்க" என்றான் செங்கோடன்.

காட்டு மேட்டில் தோள்பட்டைத் தோல் உரிந்தபோது, இந்த யோசனையைச் சொன்ன வாயை அவனே நொந்துகொண்டான். பாவாயியை நினைத்துத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாயும்முன் வண்டியைத் தூக்கியபடியே போய்ச் சேர்ந்தார்கள். பாவாயியின் அப்பா வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். டயர் தேயவில்லை, கண்ணாடியில் கீறல் இல்லை.

"மைலேஜ் எப்படி மாப்ள?"

"ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்கலீங்க மாமா."

அவர் முகம் மலர்ந்தது. பிறகு ஏதோ யோசித்துச் சுருங்கியது.

"தூக்க எத்தனை ஆளு வேணும்?"

"நாலு பேருங்க."

"கல்யாணத்தன்னைக்கு நீங்க மேல உக்காந்துட்டா மூணு பேருதானே ஆகுது. இந்தச் சம்பந்தம் சரிப்படாதுங்க."

செங்கோடனுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனையும் யோசித்தவன், தன்னை யார் தூக்குவது என்று யோசிக்கவில்லையே.

உள்ளேயிருந்து பாவாயி வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்சக்கரத்தை ஒற்றையாளாகத் தூக்கிப் பார்த்தாள்.

"பின்னாடி நான் புடிச்சுக்கறனுங்கப்பா" என்றாள். "அவரு மேல உக்காந்து ஹாரன் அடிச்சாப் போதும்."