பின்சுவரில் ஒரு வாசல்

ஒரே ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு யானை பிடிக்காது, குதிரை பிடிக்காது, பாட்டு கூத்து எதுவும் பிடிக்காது. பின்னே என்னதான் பிடிக்கும்னு கேக்குறியா? நிறைஞ்ச கிடங்கைப் பாக்கப் பிடிக்கும். நாட்டுல யாரும் விதைநெல்லைக்கூட வீட்டுல வெச்சுக்கக் கூடாது, அரண்மனைக் கிடங்குல கொண்டாந்து அடுக்கணும், விதைக்கிற காலத்துல வந்து வாங்கிக்கணும்னு தண்டோரா போட்டுட்டார். வெள்ளிக்கிழமை தவறாம வந்து கிடங்கு வாசல்ல நிப்பாராம், தரையிலேருந்து கூரை வரைக்கும் மூட்டையாப் பாப்பாராம், வயித்தைத் தடவிக்கிட்டே "ஆஹா, நிறைஞ்சிருக்கு"ம்பாராம், போயிடுவாராம். உள்ளே ஒரு எட்டு வெச்சுப் பாத்திருப்பாரா? மாட்டார். உள்ளே தூசி, பட்டு வேட்டி அழுக்காயிடும்ல.

அந்தக் கிடங்குக்கு ஒரு மணியக்காரர், தாண்டவராயர்னு பேரு. மீசையை முறுக்கி விடவே தனியா ஒரு ஆள் வெச்சிருந்தவர். கிடங்குக்கோ ஒரே வாசல். முதல்ல வந்த மூட்டை பின்சுவரோரம் போச்சு, அடுத்து வந்தது அதுக்கு முன்னாடி, அதுக்கப்புறம் வந்தது அதுக்கும் முன்னாடி, இப்படியே வாசல் வரைக்கும் வந்தாச்சு. இப்போ பழசை எடுக்கணும்னா புதுசையெல்லாம் வெளியே இறக்கணும். இறக்கினா வாசல்ல ஓட்டை தெரியும். ஓட்டை தெரிஞ்சா ராஜா முகம் சுருங்கும். ராஜா முகம் சுருங்கினா தாண்டவராயர் தலைப்பாகை போயிடும். அதனால அந்த மனுஷன் வாங்கி வாங்கி அடுக்கினாரே தவிர, ஒருத்தருக்கும் எடுத்துக் குடுக்கலை. ஆனா புது நெல்லு வண்டி வந்தா மட்டும், "மாதிரி பாக்கணும்"னு சொல்லி வண்டிக்காரங்க பாக்கவே நாலு மூட்டையைத் தன் வீட்டு நெல்லுக் குதிருக்கு அனுப்பிடுவார். மாதிரி பாக்க ஒரு கைப்பிடி போதாதா? அவர் கை அவ்வளவு பெரிசு போல!

வடகாடுன்னு ஒரு ஊரு. அங்கே சடைச்சின்னு ஒருத்தி வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தா. மாட்டோட பேசுவா, அதனால அவளுக்குக் கிறுக்கின்னு பேரு. ஆடி பொறந்து மழையும் இறங்கிடுச்சு, உழுத நிலம் ஈரமாக் காத்துக் கிடக்கு. ஈரம் காயறதுக்குள்ள விதைச்சாகணும், இல்லேன்னா அந்த வருஷம் ஊருக்கே கஞ்சி கிடையாது. சடைச்சி வண்டியைப் பூட்டிக்கிட்டுக் கிடங்குக்கு வந்து தாண்டவராயர் முன்னாடி நின்னா.

"ஐயா, வடகாட்டு விதைநெல்லு."

"நாளைக்கு வா."

வெறும் வண்டியோட திரும்பினா. மறுபடியும் வந்தா.

"ஐயா, வடகாட்டு விதைநெல்லு."

"வெள்ளிக்கிழமை ராஜா வந்து பாத்துட்டுப் போகட்டும், அப்புறம் வா."

வெறும் வண்டியா வந்து, வெறும் வண்டியாப் போச்சு. மாடு மட்டும் இளைச்சுது. தாண்டவராயருக்கு என்ன? வண்டி ஓடுது பாருங்க, வேலை நடக்குதுன்னு மீசையைத் தடவிக்கிட்டார்.

மூணாவது தடவை அந்த வெள்ளிக்கிழமையே வந்து நின்னுட்டா. "ஐயா, நிலம் காயுதுங்க. எங்க நெல்லுதானேங்க, குடுத்துடுங்க."

தாண்டவராயர் சிரிச்சார். "ஏ கிறுக்கி! உங்க நெல்லு முதல்ல வந்தது, பின்சுவரை ஒட்டிக் கிடக்கு. முன் வரிசையில கை வெச்சே, கையை வாங்கிடுவேன். பின்னாடி கிடக்கிறதை வேணும்னா எடுத்துக்கிட்டுப் போ, நான் தடுக்கலை!" கூட நின்ன காவல்காரங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. கதை கேக்குற நீயும் ஏன்டா சிரிக்கிறே? அவ வயிறு எரிஞ்சுது, தெரியுமா?

சடைச்சி மாட்டுக்கிட்டப் போய், "கேட்டியாடா மயிலை? பின்னாடி கிடக்கிறதை எடுத்துக்கலாமாம், தடுக்க மாட்டாராம். பெரிய மனுஷன் பேச்சு மாறுவாரா?"ன்னா. மாடு தலையை ஆட்டுச்சு. ஈ கடிச்சிருக்கும், ஆனா சடைச்சிக்கு அது போதும். வண்டியைச் சுத்தி ஓட்டிக்கிட்டுப் போய்ப் பின்சுவரோரம் நிறுத்தினா, வண்டியில கிடந்த கடப்பாரையை எடுத்தா, மண்சுவர்ல ஒரு போடு போட்டா. மண்ணு உதிர்ந்துச்சு. இன்னொரு போடு போட்டா, சுவரு விரிஞ்சுது. இன்னும் ஒண்ணு போட்டா, பொலபொலன்னு விழுந்துடுச்சு.

உள்ளேயிருந்து நெல்லு வரலை. எலி வந்துச்சு! குட்டி குட்டியா, குடும்பம் குடும்பமா, தின்னு கொழுத்து நடக்க முடியாம வந்துச்சு. அதுக்குப் பின்னாடி உமி சரிஞ்சுது, மலை மலையா.

அந்த நேரம் பாத்து முன்வாசல்ல ராஜா வந்து நின்னு, "ஆஹா, நிறைஞ்சி"ன்னு ஆரம்பிச்சார். பின்னாடி தாங்குறதுக்கு ஒண்ணும் இல்லாம, முன் வரிசை மூட்டையெல்லாம் தடதடன்னு உள்பக்கமா சாய்ஞ்சிடுச்சு. ராஜா பாக்கிறார், முன் வரிசைக்குப் பின்னாடி கிடங்கு காலி, அந்தப் பக்கம் வெயில் தெரியுது, வெயில்ல கடப்பாரையோட ஒருத்தி நிக்கிறா.

"யாருடி என் சுவரை உடைச்சவ?"

"இவர்தான் சாமி, பின்னாடி கிடக்கிறதை எடுத்துக்கச் சொன்னார். பாத்தா உமிதான் கிடக்கு. உமி முளைக்கும்னா சொல்லுங்க சாமி, ஏத்திக்கிட்டுப் போயிடுறேன்."

தாண்டவராயர் ஓடி வந்து கும்பிட்டார். "எ... எலி, மகாராஜா. எலி தின்னுடுச்சு."

"பின்னாடி எலி தின்னுச்சு சாமி," சடைச்சி விடலை. "முன்னாடியே, மாதிரி பாக்கணும்னு இவர் வீட்டுக்குப் போன மூட்டையை எந்த எலி தின்னுச்சாம்?"

ராஜா ஆள் அனுப்பினார். தாண்டவராயர் வீட்டுக் குதிருங்க வழிய வழியப் புது நெல்லு, முத்து முத்தா! ராஜாவுக்கும் வெக்கமாத்தான் போச்சு, இத்தனை காலம் வாசல்லயே நின்னவர்தானே. ஆனா ராஜாங்க தன் வெக்கத்தை அடுத்தவன் தலையில இறக்கி வெச்சுத்தானே பழக்கம்! "அத்தனை குதிர் நெல்லையும் நீயே சுமந்து வண்டி வண்டியா ஏத்துடா"ன்னார். "முதல் வண்டி வடகாட்டுக்கு. இனி உன் சம்பள நெல்லை அந்தப் பின் வரிசையிலேருந்து வாங்கிக்கோ."

தாண்டவராயர் முதுகு ஒடியச் சுமந்தார், தலைப்பாகை சும்மாடாச்சு. சடைச்சி வண்டியை விரட்டிக்கிட்டுப் போய்ச் சேர்ந்தப்போ நிலத்துல ஈரம் மிச்சம் இருந்துச்சு. அன்னைக்கே விதைச்சாங்க, ஊரு பொழைச்சுது.

அவ உடைச்ச ஓட்டையை ராஜா அடைக்கலை, கதவு வெச்சுட்டார். அப்புறம் அந்தக் கிடங்குல புதுசு முன்வாசல்ல உள்ளே போகும், பழசு பின்வாசல்ல வெளியே வரும். தாண்டவராயர் மாசா மாசம் சாக்கைத் தூக்கிக்கிட்டுச் சம்பளத்துக்கு வந்து நிப்பார். அன்னைக்குச் சிரிச்ச அதே காவல்காரன் அந்த உமிக் குவியலைக் காட்டி, "அள்ளிக்கோங்க ஐயா, நான் தடுக்கலை"ம்பானாம்.

கிடங்குக்கு ரெண்டு வாசல். என் கதைக்கு ஒரே வாசல்தான், அதைச் சாத்தியாச்சு. போய்ப் படு.