பட்டாளத்துத் துப்பாக்கியும் காசிமாயனும்

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் காசிமாயன். அவனுக்குப் பிறகு பலர் செய்தார்கள். அவர்களையும் நான் மறக்கவில்லை. ஆனால் முதல் ஆள் அவன்தான்.

மலைமேல் என் மரவள்ளிக் காடும் அவன் மரவள்ளிக் காடும் பக்கம் பக்கம். ஒருநாள் பொழுது சாயும் நேரம், நான் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தேன். அவன் தன் நாட்டுத் துப்பாக்கியால் என்னைச் சுட்டான். ரவைகள் தொடையில் ஏறின. அலறினேன். ஓடி வந்து பார்த்தான்.

"அட, நீயா? பன்னின்னு நெனச்சேன்" என்றான்.

வண்டி பிடித்து என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தவனும் அவன்தான். அதை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஊர்க் கூட்டம் கூடியது. அங்கேயும் அவன் கூசவில்லை. "குனிஞ்சு நின்னா பன்னி எது, ஒச்சப்பன் எதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றான். ஒச்சப்பன் நான்தான். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்கள் யார் யார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

கடைசியில் பெரியவர்கள் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். காசிமாயன் என் வீட்டு வாசலுக்கு வந்து, 'தெரியாம சுட்டுட்டேன், பொறுத்துக்க' என்று சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். நானும் சரி என்றேன்.

அவன் வரவில்லை. என் வாசல் வழியாகத்தான் தினமும் போனான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனான்.

அந்த முகத்தை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

பிறகு எங்கேயோ நடந்த சண்டை முடிந்தது. மலை அடிவாரத்தில் முகாம் போட்டிருந்த பட்டாளம் கிளம்பியது. மிச்சம் கிடந்த கூடாரம், வாளி, பூட்ஸ், பழைய துப்பாக்கி எல்லாவற்றையும் ஏலம் விடப்போவதாகத் தண்டோரா போட்டார்கள். பன்றித் தொல்லை என்று நான் மனுக் கொடுத்து வாங்கிய லைசென்ஸ் கையில் இருந்தது. சவுரிமுத்து வாத்தியாரிடம் போனேன்.

அவர் பட்டாளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மலையில் எல்லோருக்கும் அவர் வாத்தியார்தான்.

"எனக்கும் கத்துக் குடுங்க வாத்தியாரே" என்றேன்.

"எதுக்குண்ணே?"

"பன்னிக்கு."

"நாலு கால் பன்னியா, ரெண்டு கால் பன்னியா?"

நான் லைசென்ஸை நீட்டினேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு அடிவாரத்துக்கு வந்தார்.

துப்பாக்கிகள் மரப்பெட்டிகளில் அடுக்கிக் கிடந்தன. எல்லாவற்றின் மேலும் கெட்டியாகக் கிரீஸ் அப்பியிருந்தது. பலாப்பழத்தைப் பிளந்த கை போல, தொட்டால் விடவில்லை. கட்டை பளபளவென்று இருந்த ஒன்றை நான் தூக்கினேன்.

வாத்தியார் ஏலம் விடுகிறவனிடம் ஒரு தோட்டாவை வாங்கி அதன் மூக்கைக் குழலின் வாயில் வைத்தார். தோட்டா கழுத்து வரை உள்ளே இறங்கியது.

"இது நெறையப் பேசிருச்சுண்ணே. தொண்டை தேஞ்சு போச்சு. கீழ வைங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில், கட்டையெல்லாம் கீறல் விழுந்த ஒன்றில் தோட்டாவின் மூக்கு நுனியோடு நின்றது. அதை எடுத்துக்கொண்டோம்.

"அசிங்கமா இருக்கே" என்றேன்.

"பொண்ணா பார்க்க வந்தோம்?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டியைக் கிழித்துத் துடைத்தேன். இரும்பு மினுங்கியது. மறுநாளே தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"துடைச்சாச்சு. சுடலாமா?"

"வெயில்ல வைங்க."

வைத்தேன். சூடு ஏற ஏற மரம் வியர்த்தது. எங்கிருந்து வந்ததோ, கிரீஸ் முத்து முத்தாக வெளியே வந்து வழிந்தது. மறுபடி துடைத்தேன். மறுபடி வெயிலில் வைக்கச் சொன்னார். மறுபடி வந்தது. குழலுக்குள் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். அந்த வாரம் முழுக்க என் சோற்றில் மண்ணெண்ணெய் வாடைதான்.

"எந்த மடையன் இவ்வளவு பூசினான்?" என்றேன்.

"கெடாம இருக்கணும்னு பூசியிருக்கான். கெடாமத்தானே இருக்கு?"

"அப்ப அப்படியே சுட்டா என்ன?"

"தோட்டா உள்ள போய் ஒட்டிக்கும். நீங்க இழுத்தாலும் வராது."

ஒருவழியாக மரம் வியர்ப்பதை நிறுத்தியது. தண்ணீர் இல்லாத ஓடைக்குப் போனோம். கூப்பிடு தூரத்தில், மண் கரையை ஒட்டி ஒரு பானையைக் கவிழ்த்து வைத்தார். கட்டையைத் தோளில் அழுத்திப் பிடிக்கச் சொன்னார். குழலின் மேலே பின்னால் இருக்கும் வெட்டு வழியாக முன்னால் இருக்கும் முள்ளைப் பார், முள்ளின் தலையில் பானையை உட்கார வை, மூச்சை விட்டு நிறுத்து, விசையை இழுக்காதே, அமுக்கு. எல்லாம் சொன்னார்.

சுட்டேன்.

மலை இடிந்தது போல இருந்தது. தோள் எரிந்தது. பானை அப்படியே இருந்தது. அதற்கு மேலே கரையிலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது.

"உதைச்சுதா?"

"உதைச்சுது."

"அது மேலயும் பகை வெச்சுக்குவீங்களா?"

மறுபடி சுட்டேன். மறுபடியும் மேலேதான் போனது.

"துப்பாக்கி கோணல். ஏமாத்திட்டானுங்க" என்றேன்.

வாத்தியார் அதை வாங்கினார். ஓடைக்கு அந்தப் பக்கம், எதிர்ச் சரிவில் எட்டாத தூரத்தில் ஒரு வெள்ளைப் பாறை தெரிந்தது. சுற்றிலும் ஆள் நடமாட்டம் இல்லை என்று நன்றாகப் பார்த்துக்கொண்டார். படுத்தார். சுட்டார். பாறையின் நடுவிலிருந்து புகை போலத் தூள் பறந்தது.

"கோணல் இல்லண்ணே. இது பட்டாளத்துக்குன்னு செஞ்சது. மூஞ்சி தெரியாத தூரத்துல நிக்கிறவனுக்குத்தான் முள்ளை வெச்சிருக்கான். கிட்ட நிக்கிறதைச் சுட்டா மேல போகும்."

"கிட்ட நிக்கிறவனைச் சுடணும்னா?"

"எவனை?"

"பன்னியை."

"அரை முழம் கீழ பாருங்க."

அரை முழம் கீழே பார்த்துச் சுட்டேன். பானை சிதறியது. அவர் தலையை ஆட்டினார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

கீழே பார்க்க எனக்கு விருப்பம் இல்லை. இத்தனை காலம் நான் வைத்திருந்தது ஒரு முகத்தை. தொடையில் ஒன்று கொடுக்க வேண்டும், அப்போது அந்த முகத்தை நேராகப் பார்க்க வேண்டும், 'அட, நீயா? பன்னின்னு நெனச்சேன்' என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் கிரீஸ் துடைத்தேன்.

வீட்டில் யோசித்துப் பார்த்தேன். குண்டு மேலே போகிறது என்றால் முள் உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். உயரத்தைக் குறைத்தால் குண்டும் இறங்கிவிடும். அரத்தை எடுத்து முள்ளின் தலையை நன்றாக அராவினேன்.

மறுநாள் ஓடையில் சுட்டேன். குண்டு கரைக்கும் மேலே, வேலிச்செடியில் போய் அடித்தது.

வாத்தியார் துப்பாக்கியை வாங்கி முள்ளைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். கூட்டத்தில் சிரித்தவர்களோடு அவரையும் சேர்த்துக்கொண்டேன்.

"முள்ளு குட்டையாயிட்டா, அதை வெட்டுக்கு நேராக் கொண்டுவர நீங்க குழலைத் தூக்குவீங்க. குழல் தூக்குனா குண்டு மேலதானே போகும்?"

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"நீங்க அரத்தை வாத்தியாராக்குவீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்ப என்ன செய்ய?"

"அராவுனது அராவுனதுதான். இனிமே ஒரு முழத்துக்கும் அதிகமாக் கீழ பார்க்கணும். தொடையில அடிக்கணும்னா பாதத்தைப் பாருங்க."

நான் தொடை என்று சொல்லவே இல்லை. அவர்தான் சொன்னார்.

"தெரிஞ்சுமா எனக்குக் கத்துக் குடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"கத்துக்காதவன் கையில இருந்தா, அது போற வழியில இருக்கற எல்லாருக்கும் ஆபத்து" என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியும்போது என் காட்டு ஓரத்தில் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். துப்பாக்கியில் ஒரு தோட்டாவை ஏற்றிப் போல்ட்டைத் தள்ளினேன். வெளிச்சம் வந்ததும் காசிமாயன் மண்வெட்டியோடு வரப்பில் ஏறினான். கூப்பிடு தூரம். நேராக என் பக்கமாக நடந்து வந்தான். என்னை அவன் கவனிக்கவில்லை.

பாதத்தைப் பார்த்தேன்.

முள்ளின் தலையில் ஒரு பாதம் வந்து உட்கார்ந்தது. செம்மண் ஒட்டிய பாதம். குதிகால் வெடித்திருந்தது போல ஒரு பக்கமாக ஊன்றி நடந்தது. பெருவிரல் மடங்கி நிமிர்ந்தது. காட்டில் வேலை செய்கிற எவனுக்கும் இப்படித்தான் கால் இருக்கும். எனக்கும் இப்படித்தான். அது காசிமாயனுடையதுதானா என்று ஒரு சந்தேகம் வந்தது.

முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்று குழலைத் தூக்கினேன். அவன்தான். அதே முகம். நெஞ்சு பற்றிக்கொண்டு எரிந்தது. விரல் விசைக்குப் போனது. ஆனால் இப்போது அமுக்கினால் குண்டு அவன் தலைக்கு மேலே வானத்துக்குப் போகும்.

மறுபடி கீழே இறக்கினேன். மறுபடி யாரோ ஒருவனுடைய பாதம். விரல் தானாகத் தளர்ந்தது.

தூக்கினால் கோபம் வந்தது. இறக்கினால் போனது. நான் தூக்கியும் இறக்கியும் பார்ப்பதற்குள் அவன் வரப்பைக் கடந்து கிட்டத்தில் வந்துவிட்டான். குழல் ஆடுவது அவன் கண்ணில் பட்டது. நின்றான். முகம் ஒரு கணம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன். அந்த ஒன்றையாவது பார்த்தேன்.

பிறகு அவன் பழையபடி ஆகிவிட்டான்.

"என்னப்பா ஒச்சு, பட்டாளத்துத் துப்பாக்கியை வெச்சு ஈ ஓட்டுறியா?"

மண்வெட்டியைத் தோள் மாற்றிக்கொண்டு அவன் தன் காட்டுக்குள் இறங்கினான். இறங்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவ்வளவுதான்.

துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். எதிரே தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஒதுங்கினார்கள். டீக்கடையில் இருந்தவன், "என்ன மாமா, பன்னி சிக்குச்சா?" என்றான். அவன் முகமும் எனக்குக் காசிமாயன் முகம் போலவே தெரிந்தது. நிற்காமல் நடந்து வாத்தியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அவர் அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோடாலியைக் கீழே வைத்தார்.

"சத்தம் கேக்கலையே" என்றார்.

"சுடல."

"ஏன்?"

"பாதத்துல அவன் இல்ல."

அவர் கையை நீட்டினார். கொடுத்தேன். குழலை மண்ணைப் பார்க்கத் திருப்பி, போல்ட்டை மேலே தூக்கிப் பின்னால் இழுத்தார். உள்ளே இருந்த தோட்டா துள்ளி வெளியே வந்து விறகுச் செத்தைக்குள் விழுந்தது.

வாத்தியாரின் முகம் மாறியது. அதுவரை நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"இதோடயா ஊருக்குள்ள நடந்து வந்தீங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. டீக்கடை வழியாக, பெண்கள் வழியாக, அவர் வாசல் வரைக்கும் அது உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

அவர் குனிந்து செத்தையை விலக்கித் தோட்டாவைத் தேடி எடுத்தார். ஊதித் தூசியைப் போக்கினார். சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். போல்ட்டை உருவித் தன்னிடமே வைத்துக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் என் கையில் கொடுத்தார்.

இத்தனையும் ஆன பிறகும் என் மனம் ஆறவில்லை. கேட்டுவிட்டேன்.

"அதெல்லாம் சரி வாத்தியாரே. அவன் என் வாசல்ல வந்து சொல்ல வேண்டிய வார்த்தை? அது எனக்கு வர வேண்டியதுதானே? வேண்டாம்னு விட்டுரச் சொல்றீங்களா?"

"விடச் சொல்லலண்ணே. வர வேண்டியதுதான்."

"அப்ப எப்படி வாங்குறது?"

வாத்தியார் கோடாலியை எடுத்து அடுத்த கட்டையை நிறுத்தினார்.

"அது அவன் வாயில இருக்குண்ணே. துப்பாக்கியில தேடுனா கிடைக்காது."

ஒரே வெட்டில் கட்டை இரண்டாகப் பிளந்தது.

காசிமாயன் இன்னும் வரவில்லை.