யூட்ரஸுக்கு நேரே ஒரு வரி

வங்காளத்திலிருந்து ஜனங்கள் ரயிலேறி வைத்தியத்துக்கு வருகிற ஊர் அது. அங்கே ஆஸ்பத்திரி நர்ஸ் திலகாவுக்கு நாற்பத்தேழு வயதில் வங்காளி பாஷை படிக்கிற ஆசை வந்தது. ஆஸ்பத்திரிக்கே வந்து சொல்லிக்கொடுத்தவள் மௌஷுமி, இருபத்தாறு வயது, வங்காளிகள் தங்குகிற லாட்ஜ் சமையல்காரரின் மகள். வயசில் சின்னவள்தான், ஆனாலும் திலகா வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள்.

"டீச்சர், யூட்ரஸுக்கு, அதான் கர்ப்பப்பைக்கு, உங்க பாஷையில என்ன?"

"ஜொராயு."

திலகா நோட்டில் எழுதிக்கொண்டாள். நேரே பதினாலாம் கட்டிலுக்குப் போனாள். அங்கே ஷெஃபாலி, ஒரு பெண் குழந்தைக்குத் தாய். கர்ப்பப்பையில் இருந்த கட்டிக்காக மறுநாள் ஆபரேஷன். ஜொராயுவை எடுக்கப்போகிறார்கள் என்று திலகா சொன்னாள். ஷெஃபாலி தலையாட்டிவிட்டு ஆபரேஷனுக்குச் சம்மதம் என்கிற ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திலகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஃபாரத்தோடு மௌஷுமியிடம் திரும்பி வந்தாள்.

"அவங்களுக்குப் புரிஞ்சுதா அக்கா?"

"நல்லாவே புரிஞ்சுது டீச்சர். தலையாட்டினாங்களே."

"ஏதாவது கேட்டாங்களா?"

"ஒண்ணும் கேக்கலை."

"படிச்சவங்க எது சொன்னாலும் தலையாட்டுறது எங்க ஊர் மரியாதை அக்கா. வாங்க."

மௌஷுமி ஷெஃபாலியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆபரேஷன் பேச்சையே எடுக்கவில்லை. மகள் பெயர் கேட்டாள், வயிற்றுக்குள் எத்தனை மாசத்தில் உதைத்தாள் என்று கேட்டாள். ஷெஃபாலி சிரித்துக்கொண்டே அடிவயிற்றில் கை வைத்துக் காட்டினாள். அந்தக் கையின் மேல் மௌஷுமி தன் கையை வைத்தாள்.

"உன் மக இருந்த இந்த இடத்தைத்தான் நாளைக்கு எடுக்கப்போறாங்க."

ஷெஃபாலியின் சிரிப்பு நின்றது. மெதுவாக ஏதோ கேட்டாள். அது புரிகிற அளவுக்குத் திலகாவுக்கு வங்காளி வந்திருந்தது.

"அப்போ அடுத்த பிள்ளை எங்கே இருக்கும்?"

திலகா ஃபாரத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். டாக்டர் வந்து பேசினார். கட்டியை மட்டும் எடுக்க வழியிருக்கிறதா பார்க்கலாம் என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்.

சாயங்காலம் திலகா நோட்டைத் திறந்து உட்கார்ந்தாள்.

"நான் சொன்ன வார்த்தை தப்பா டீச்சர்?"

"இல்லையே, சரியான வார்த்தைதான்."

திலகாவுக்கு ஜொராயு என்று எழுதியதை அடிக்கவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை. பேனா அந்த வரியிலேயே நின்றது.

"அப்போ இதுக்கு நேரே நான் என்னதான் எழுதறது?"

"ஷெஃபாலி கேட்ட கேள்வியை எழுதிக்கோங்க அக்கா."