அழித்த விரல்

ஒரு விரலை எப்படி அழிப்பது என்று கேட்டுத்தான் நாச்சிமுத்து ஜெசிந்தா டீச்சரிடம் மாணவராகச் சேர்ந்தார்.

மாணவருக்கு ஐம்பத்தொன்பது வயது. மின்வாரியத்தில் முப்பது வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு முப்பத்தொன்று. ஈரோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒரு அறை. வீட்டு விளக்கு, ஃபேன், கதவுப் பூட்டு எல்லாவற்றையும் ஹப் என்ற சின்னப் பெட்டியோடு இணைத்து, போனிலிருந்தே இயக்குவது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்.

நாச்சிமுத்து வீட்டில் ஹப்பும் கைரேகைப் பூட்டும் முன்பே இருந்தன. மகள் மேகலா வாங்கி மாட்டியவை. மாட்டிய நாலாம் மாதம் அவள் வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போய்விட்டாள். நாச்சிமுத்து அவள் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினார். போன் நம்பரை அழித்தார். ஆனால் அவள் விரல் வைத்தால் அந்தக் கதவு இன்னும் திறக்கும். அதை நினைத்தாலே அவருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கதவிலிருந்து ஒருத்தியை எப்படித் துரத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்.

"இதை அமுக்குங்கய்யா. நிச்சயமான்னு கேக்கும்."

"நிச்சயம்" என்று கீழ்க்கடைக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு அமுக்கினார்.

விரல் போயிற்று. கோபம் போகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வியாழக்கிழமைதோறும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒரு வாரம் வியாழன் வரை அவருக்குப் பொறுக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றவும் மறந்திருந்தார்.

"பாருங்க டீச்சர்" என்று போனை மேஜைமேல் போட்டார். "ஹப்புல எல்லாம் பதிவாயிருக்குது. நாலு வியாழக்கெழமை. நான் இங்க வந்த பொறகு, பத்தே நாப்பதுக்குக் கதவு தொறக்குது. பன்னண்டுக்குத்தான் சாத்துது. அந்தக் கழுதை என் வூட்டுக்கு வந்து போறா. அவங்கம்மாளும் அதுக்கு உடந்தை."

"வூட்ல கேட்டீங்களா?"

"எதுக்குக் கேக்கோணும்? வூட்டுக்காரிகிட்ட நான் பேசியே எட்டு மாசமாச்சு, கழுதை ஓடிப்போன நாள்லிருந்து. சோறுன்னா சோறு, தண்ணின்னா தண்ணி. அவ்வளவுதான்."

"சரிங்கய்யா. என்ன பண்ணோணும்?"

"ஹப்பை ஏதோ ஆன்லைன் சேவையோட இணைக்கலாம்னு சொன்னீங்கல்ல. இது நடந்தா அதைச் செய்யின்னு எழுதி வெச்சா, அதுவே செய்யும்னு. அதைப் போட்டுக் குடுங்க."

டீச்சர் அந்தச் சேவையைத் திறந்து, அவர் ஹப்பின் கணக்கை அதில் சேர்த்தார். திரையில் அனுமதி கேட்டது. உங்கள் கதவைக் கவனிக்கலாமா? உங்கள் ஸ்பீக்கரில் பேசலாமா?

"படிச்சுப் பார்த்துட்டு அமுக்குங்கய்யா."

"படிக்கறதுக்கு என்ன இருக்குது?" என்று அமுக்கினார்.

காலியாக இரண்டு கட்டங்கள் வந்தன. மேலே 'இது நடந்தால்'. கீழே 'அதைச் செய்'.

"என்ன நடந்தா?" என்று கேட்டார் டீச்சர்.

"அவ என் கதவைத் தொறந்தா."

மேல் கட்டத்தைத் தொட்டதும் ஒரு பட்டியல் வந்தது. நாச்சிமுத்து. தெய்வானை. யார் திறந்தாலும். பேர் என்று அவருடையதும் மனைவியுடையதும்தான் இருந்தன. நாச்சிமுத்து அதை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். பிறகு 'யார் திறந்தாலும்' என்பதை நசுக்குகிற மாதிரி அமுக்கினார்.

"என்ன செய்யோணும்?"

"எனக்குத் தகவல் வரோணும்."

"வந்தா?"

"வண்டியை எடுத்துட்டுப் போவேன்."

"போயி?"

"கத்துவேன்! தெருவே கூடுற மாதிரி கத்துவேன்! எட்டு மாசமா நெஞ்சுக்குள்ள வெச்சிருக்கறதையெல்லாம் கத்துவேன்!"

"இங்கிருந்து சூரம்பட்டில உங்க வூட்டுக்குப் போய்ச் சேர இருபது நிமிஷமாகும். அதுக்குள்ள அவங்க கெளம்பிட்டா?"

நாச்சிமுத்து அதை யோசிக்கவில்லை. கோபக்காரர்கள் தூரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

"கத்தறதை இங்கயே கத்துங்கய்யா. பதிஞ்சு வெச்சுக்கலாம். கதவு தொறந்ததும் ஹால்ல இருக்கற ஸ்பீக்கர் உங்க குரல்லயே கத்தும். நீங்க போகவே வேண்டியதில்ல."

எட்டு மாதத்தில் முதல் முறையாக அவர் முகம் மலர்ந்தது.

முதல் தடவை இருமல் வந்து கெட்டது. இரண்டாம் தடவை ஆத்திரத்தில் வார்த்தை குழறியது. மூன்றாம் தடவை எழுந்து நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். கீழே காயில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு மேலே பார்த்தார்கள்.

டீச்சர் அதைக் கீழ்க் கட்டத்தில் சேர்த்தார். "சோதிச்சுப் பார்க்காம விடக்கூடாதுங்க. வாங்க, வூட்டுக்குப் போயி ஒரு தடவை தொறந்து பார்த்துடலாம்."

நாச்சிமுத்து மொபெட்டில் முன்னால் போக, டீச்சர் ஸ்கூட்டரில் பின்னால் போனார். வெயில் ஏறியிருந்தது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் படியேறி, பூட்டின்மேல் கட்டைவிரலை வைத்தார். கதவு திறந்தது.

"நில்லு! படி ஏறாத! வந்த வழியே திரும்பிப் போ! இந்த வூட்ல உனக்கு யாரும் இல்ல! நீ செத்துட்டீன்னு நாங்க தலை முழுகியாச்சு! போ!"

நாச்சிமுத்து தன் வாசலிலேயே ஓர் அடி பின்வாங்கினார். தன் குரல் இப்படி இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கதவு தானாகவே சாத்திக்கொள்ளப் போனது. அதற்குள் உள்ளேயிருந்து யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது.

தெய்வானை. இரண்டு கையிலும் மாவு. புருஷன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவரைத் தள்ளிக்கொண்டு படியிறங்கி, கேட்டைத் திறந்து, வெறுங்காலோடு தெருவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"பாப்பா வந்தாளுங்களா? எங்கீங்க? எந்தப் பக்கம் போனா?"

"ஒருத்தியும் வரல" என்றார் நாச்சிமுத்து.

"பின்ன யாரைங்க அப்படிப் பேசுனீங்க?"

அந்தக் கேள்வியில் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"நடிக்காத! வியாழக்கெழமையானா கதவைத் தொறந்து அவளை உள்ள விடறே. எனக்கு எல்லாம் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு மேல தொறந்து கெடக்குது!"

தெய்வானை அவரை முழுசாக ஒரு முறை பார்த்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்தது.

"ஆமா, தொறந்துதான் வெக்கறேன். அவ விரலை வெச்சா கதவு தொறக்காதுல்ல? வந்து நின்னு, வெச்சுப் பார்த்துட்டு, திரும்பிப் போயிட்டான்னா? நீங்க வூட்ல இல்லாத நாளு அது ஒண்ணுதான். அதான் கல்லை முட்டுக் குடுத்துத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கறேன். இன்னைக்கு வரைக்கும் ஒரு நாளும் வரலீங்க. ஒரு நாளும்!"

கேட்டைக்கூடச் சாத்தாமல் விடுவிடுவென்று படியேறினாள். கதவு சாத்தியிருந்தது. முந்தானையில் மாவைத் துடைத்துக்கொண்டு விரலை வைத்தாள்.

"நில்லு! படி ஏறாத! வந்த வழியே திரும்பிப் போ! இந்த வூட்ல உனக்கு யாரும் இல்ல!"

தெய்வானை நின்றுவிட்டாள். ஸ்பீக்கர் கடைசி வரை கத்தி முடித்தது. அவள் திரும்பவில்லை.

"இது எனக்குங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எந்தத் தெரு கூட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரோ அந்தத் தெரு திரள ஆரம்பித்திருந்தது. நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு டீச்சரிடம் திரும்பினார்.

"டீச்சர், இதை மாத்துங்க. எங்களைப் பார்த்துக் கத்தக்கூடாது. அவ வந்தா மட்டும்தான் கத்தோணும்."

டீச்சர் போனை எடுத்து, மேல் கட்டத்தைத் திறந்து அவரிடம் நீட்டினார். நாச்சிமுத்து. தெய்வானை. யார் திறந்தாலும்.

"மாத்தலாமுங்கய்யா. அதுக்கு அவங்க யாருன்னு உங்க கதவுக்குத் தெரியோணும். கூப்பிடுங்க, வந்து விரலை வெக்கட்டும்."